செத்தவன் காசு

கேள்வி: போரில் மாண்ட சிப்பாயின் பதக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்களாமே! யாரோ வாங்கிய பதக்கத்தில் இவர்களுக்கு என்ன பெருமை?

பதில்: பெருமையில்லை சார், துப்பறியும் வேலை! முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்: படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட். இந்தத் துப்பு போதாதா? மாண்டவர் குடும்பத்துக்குத் தனியாக ஒரு வெண்கல வட்டும் போனது. அதில் பெயர் மட்டும், பதவி கிடையாது. செத்த பிறகாவது ஜெனரலும் சிப்பாயும் சமம்! பிரிட்டிஷ் ஜனங்கள் அந்த வட்டை ‘செத்தவன் காசு’ என்றார்கள். 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது ஏராளமான பதக்கங்கள் உருக்கப்பட்டன. சேகரிப்பாளர் பெட்டிக்குள் இருந்தவை பிழைத்தன. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பெயரோடு விலையும் தேயும்!