யாருடைய ரயில்?

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் கேரளக்காரர்கள் காரில் அங்கே போக வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை ஏறி, டாப்சிலிப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ரகசியமாக ஒரு பெருமை.

எங்கள் அப்பாரு காலத்தில் பெருமை அந்தப் பக்கம் இருந்தது. "நம்ம தேக்கு டாப்சிலிப்பிலிருந்து சரிவில் உருண்டு வந்துச்சு, கொச்சி ராஜா தேக்கு ரயிலேறிப் போச்சு" என்பார். உண்மைதான். கொச்சி சமஸ்தானம் மரம் இறக்குவதற்கென்றே ஒரு மீட்டர்கேஜ் டிராம்வே போட்டது. 1907இல் ஓடத் தொடங்கியது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர். எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. மரத்தை வண்டியில் ஏற்ற யானைகள் இருந்தன.

செங்குத்தான இடங்களில் ஜெர்மன் எஞ்சினுக்கு வேலை இல்லை. மேலே பெரிய உருளை, அதில் இரும்புக் கயிறு. ஒரு நுனியில் தேக்கு ஏற்றிய வண்டி, மறு நுனியில் காலி வண்டி. பாரவண்டி இறங்க இறங்க, காலி வண்டி தானாக மேலே வரும். வேகம் மிஞ்சாமல் பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். நிலக்கரிச் செலவே கிடையாது. அத்தனை சிக்கனமான ஏற்பாட்டிலும் நஷ்டம் எப்படி வந்தது என்பதுதான் விசேஷம். கட்டுபடியாகவில்லை என்ற பேச்சு 1920களிலேயே எழுந்துவிட்டது. ஆனாலும் ரயில் ஓடியது.

1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சிக்குச் சொந்தம், 1956இல் கேரளத்துக்கு. நஷ்டம் மட்டும் கைமாறாமல் கூடவே வந்தது. 1963இல் ஒருவழியாக நிறுத்தினார்கள்.

பிறகு தண்ணீரின் முறை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் கேரள மண்ணில் அணை கட்டி, இன்றுவரை நிர்வகிப்பது தமிழ்நாடு. ஒப்பந்தம் 1958 முதலே செல்லும், கையெழுத்தானதோ 1970இல். கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து நிச்சயதார்த்தம்!

2010இல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாயிற்று. தேக்கை வெட்டிப் பணம் பார்க்க நினைத்த காட்டில், இன்று வெட்டாமல் விட்ட தேக்கைக் காட்டிப் பணம் வருகிறது. கன்னிமாரா தேக்கு என்ற ராட்சத மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேர் கைகோக்க வேண்டும். போட்டோ எடுக்க அங்கே கூட்டம் நெரிகிறது.

நான் போனபோது கூட வந்த வழிகாட்டி, காடர் பழங்குடி இளைஞர். "இங்க ரயில் ஓடுச்சாமேங்க தம்பி?" என்றேன்.

"எங்க தாத்தாமாருங்கதான் சார் பாதைக்குக் காடு வெட்டினாங்க. ரயில்ல போனது மரம்."

காடு யாருடையது என்று மட்டும் அவரிடம் நான் கேட்கவில்லை. கைமாறிய சொந்தக்காரர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்ததில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகளிலும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். சில்லறை எடுத்துப் போங்கள்.