உல்சான் ரிட்டர்ன்

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், பெண் யார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதுதான் வழக்கம். நசரத்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இவர் முகூர்த்த நேரத்தை மட்டும் பார்ப்பார். "ஒன்றரை மணி நேரமா? கொரியாவுல அரை மணிதான்பா!"

1996-இல் ஹூண்டாய் இந்தப் பக்கம் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். பெங்களூர் நெடுஞ்சாலையோரம் புதிதாக ஒரு சாதியும் உண்டாயிற்று: பயிற்சிக்குக் கொரியா போய் வந்தவர்கள். அதில் உயர்ந்த உட்பிரிவு, கூட வேலை பார்த்தவன் கல்யாணத்தில் அங்கேயே கை நனைத்தவர்கள்.

நம்மவர் உயர்ந்த உட்பிரிவு. கொரியாவின் உல்சானில் நடந்த கல்யாணத்துக்கு ஊரிலிருந்து கொண்டுபோன பித்தளைக் குத்துவிளக்கோடு போனார். வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேஜை, பெண் வீட்டுக்கு ஒரு மேஜை. வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக் கவரை நீட்ட, நோட்டில் பேர் ஏறுகிறது. "அட, மொய்!" 30,000 வோன், 50,000 வோன் என்று ஒற்றைப்படைக் கணக்கு வேறு. நாம் ஒரு ரூபாய் சேர்ப்பதில்லையா? விளக்கை எந்த மேஜையில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. கவர் கொடுத்தவர்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடைத்தது. இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் தாழும்.

உள்ளே இரண்டு அம்மாக்களும் அந்த ஊர்ப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்தி மெழுகுவத்தி ஏற்றினார்கள். உறுதிமொழி, ஒரு பாட்டு, பெற்றோருக்கு வணக்கம், போட்டோ. முடிந்தது. அடுத்த ஜோடியின் ஆட்கள் வெளியே தயார். வெளிநாட்டு விருந்தாளியை நடுவில் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. இவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் குத்துவிளக்கோடு இவர் இருக்கிறார், ஓரமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிகிறார்கள்.

அன்று முதல் பூந்தமல்லி வட்டார மண்டபம் எதுவும் இவருக்குத் தரத் தேர்வில் தேறியதில்லை. "தாலி கட்டுறது ஒரே ஆபரேஷன். மத்ததெல்லாம் வெயிட்டிங் டைம்." ரிசப்ஷனில் பரிசுப் பொட்டலத்தோடு நிற்கும் வரிசையைப் பார்த்தால், "பாட்டில்நெக்!" முதல் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டே இதைச் சொல்வார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

சொந்த மகள் கல்யாணம் வந்தது. அரை மணி நேரத் திட்டம் சம்பந்தி அம்மாளின் ஒரு பார்வையிலேயே கைவிடப்பட்டது. ஆனால் கொரிய மேனேஜர் வந்துவிட்டார், விடிவதற்குள். மணவறை எதிரில் சம்மணம் போட்டவர் எழுந்திருக்கவேயில்லை. அம்மி மிதிக்கும்போது ஏன் என்றார். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் குறையைப் பிடிப்பது கம்பெனிப் பழக்கம். நம்மவர் இரண்டாவது ஏனிலேயே ஐயர் பக்கம் திரும்பிவிட்டார்.

எல்லாம் முடிந்ததும் மேனேஜர் நேராக மொய் மேஜைக்கு நடந்து, வெள்ளைக் கவரை இரண்டு கையாலும் நீட்டி, டோக்கனுக்காக நின்றார். மொய் எழுதும் பெரியவர் நிமிரவில்லை.

"ஊரைச் சொல்லுங்க."

"உல்சான்," என்றார் பின்னால் ஓடி வந்த நம்மவர்.

"அது எங்க, திருத்தணிக்கு அந்தாண்டயா? சரி, தாய்மாமன் வகையா, பங்காளி வகையா?"