எஸ்டிமேட் போடப் போற பேராண்டிக்கு

எய்யா பேராண்டி, நாசாக்காரவுக அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு எஸ்டிமேட் போட உன்னையும் கூப்பிட்டிருக்காகன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். முதல் பாடத்தை இப்பவே காதுல வாங்கிக்கோ. உண்மையான தொகை உன் மனசுக்குள்ளயே கிடக்கட்டும். வாயத் தொறந்து மட்டும் சொல்லிராத. சொன்னேன்னு வையி, கையெழுத்து விழாது. நேர்மையானவன்னு பேரு மட்டும் மிஞ்சும், அதைத் தட்டுல போட்டுத் திங்க முடியாது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கதையைத்தான் பாரேன். 1996 சனவரியில வானியல்காரவுக மாநாடு. நாசா தலைவர் டான் கோல்டின் பேச வந்தாரு. 'வேகமா, நல்லா, மலிவா'ங்கிறதுதான் அந்த மனுசன் எப்பவும் ஓதுத மந்திரம். 4 மீட்டர் கண்ணாடி போதும்னு கேட்டு நின்னவுகளைப் பாத்து, ஏன் இம்புட்டு அடக்கமாக் கேக்கிய, ஆறு ஏழு மீட்டராக் கேக்க வேண்டியதுதானேன்னாரு. மொத்தக் கூட்டமும் எந்திருச்சி நின்னு கை தட்டுச்சி. தட்டாம என்ன செய்யும்? கண்ணாடி பெருசு, விலை சின்னது. 50 கோடி டாலருக்குள்ள முடிக்கலாம்னு அப்போ பேச்சு. 2000-ல அது 100 கோடி ஆச்சி. 2007-ல ஏவிருவோம்னாக. ஏவுனது 2021 டிசம்பர் 25. ஆன செலவு சுமாரா 1,000 கோடி டாலர். அதுலயும் ஏத்திக்கிட்டுப் போன அரியான் ராக்கெட்டு ஐரோப்பாக்காரவுக பங்கு, நாசா கணக்குல வராது.

இதைப் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். பொய்யின்னா சொல்லுதவனுக்கு உண்மை தெரிஞ்சிருக்கணும்லா. மைனஸ் 220 டிகிரி கிட்ட குளுந்தும் கோணாம நிக்கிற அம்புட்டுப் பெரிய கண்ணாடியை அதுக்கு முந்தி எவன் செஞ்சி பாத்தான்? டென்னிஸ் மைதானம் அகலத்துக்கு அஞ்சு அடுக்குத் திரையை மடிச்சிக் கொண்டுபோய், 15 லட்சம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு விரிச்சவன் எவன்? விலை யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கிடக் கூடாதுங்கிறதுல மட்டும் எல்லாரும் ஒத்துமையா இருந்தாக.

ரெண்டாவது பாடம், சீக்கிரமாத் தோண்ட ஆரம்பிச்சிரு. நம்ம கரிசக்காட்டுல கிணறு வெட்டுனவனைக் கேட்டுப் பாரு. அம்பதடி இறங்குன கிணத்தை எவன் மூடுவான்? பொஞ்சாதி தாலிக்கொடியை அடகு வச்சாவது, இன்னும் பத்தடியில ஊத்து இருக்குன்னு சொல்லுதவன் பேச்சைத்தான் கேப்பான். வெப்புக்கும் அதே கதிதான். 2010-ல செனட்டர் பார்பரா மிக்குல்ஸ்கி கேட்டுக்கிட்டதுல ஜான் கசானி தலைமையில ஒரு குழு வந்து துருவிப் பாத்துச்சி. தொழில்நுட்பத்துல கோளாறு இல்ல, பட்ஜெட்டு போட்டதுலயும் நிர்வாகத்துலயும்தான் கோளாறுன்னு எழுதி வச்சிட்டுப் போச்சி. 500 கோடின்னு இருந்த கணக்கு 650 கோடியைத் தொட்டுது. மறுவருசம் பிரதிநிதிகள் சபையில நிதி ஒதுக்குத கமிட்டி, மூடிருங்கய்யா இதைன்னுச்சி. மூடுனாகளா? மிக்குல்ஸ்கி அம்மா மேரிலாந்துக்காரவுக. வெப்பு வேலையை நடத்துத கோடார்டு மையமும் மேரிலாந்துலதான் இருக்கு. செனட்டுல நிதிக் கமிட்டியில அந்தம்மாவுக்குப் பெரிய கை. 800 கோடிக்கு மேல ஒரு காசு கூடாதுன்னு ஒரு வரம்பு கட்டி, 2018 அக்டோபருன்னு புதுத் தேதி குறிச்சி, வேலை மேல நடந்துது.

அந்த 2018 வந்துதா? வந்துது. கூடவே திருகும் வந்துது. ராக்கெட்டு கிளம்புத இரைச்சலைத் தாங்குமான்னு சோதிச்சிப் பாத்தாக. முடிஞ்சி பாத்தா, சூரியத் திரையோட உறையைப் பிடிச்சிருந்த திருகும் வாஷரும் கழண்டு கீழ கிடக்கு. அதுக்கு முந்தியே உந்துகருவி வால்வைக் கழுவக்கூடாத திரவத்துல கழுவி வச்சிருந்தாக. இன்னொரு இடத்துல ஒயரைத் தப்பா மாட்டி, கூடுதல் மின்சாரம் பாய்ஞ்சது. ஒவ்வொண்ணும் சில்லறை விசயந்தான். ஆனா அம்புட்டுப் பேரும் சம்பளத்துல நிக்குத இடம்லா அது. ஒரு நாள் நின்னா சுமாரா 10 லட்சம் டாலர் போச்சி. டாம் யங் தலைமையில வந்த குழு இந்தக் கைத்தவறுகளை மட்டும் கூட்டிப் பாத்து, ஏறக்குறைய 60 கோடி டாலர், ஒன்றரை வருசம்னு சொல்லுச்சி. ஒரு திருகை இறுக்கி முறுக்குத கூலி என்னன்னு அந்த அறிக்கையில நானும் தேடச் சொன்னேன், அதைக் காணோம்.

இதுல நீ மனப்பாடம் பண்ண வேண்டிய கட்டம் ஒண்ணு இருக்கு. அந்த வருசம் சூலையில பிரதிநிதிகள் சபை அறிவியல் கமிட்டித் தலைவர் லாமர் ஸ்மித், வெப்பைக் கட்டுன நார்த்ராப் கிரம்மன் கம்பெனித் தலைவர் வெஸ் புஷ்சை நேருக்கு நேரா கேட்டாரு. வரம்புக்கு மேல போன 80 கோடியை உங்க கம்பெனியே கட்டுமான்னு. கட்டாதுன்னுட்டாரு. அந்த மனுசன் மேல தப்பே இல்ல. ஒப்பந்தம் அப்படி. ஆன செலவைக் குடு, அதுக்கு மேல லாபத்தையும் குடுங்கிற சீட்டுல கையெழுத்துப் போட்டது அரசாங்கம். தாமதமானா செலவு கூடும், கூடுன செலவையும் அரசாங்கமே குடுக்கும்னு இருக்கையில அவசரப்பட அவருக்கு என்ன கிறுக்கா?

அப்ப மொத்தமா ஒரு விலை பேசிட்டா சரியாப் போச்சேம்ப. போயிங் கம்பெனி ஸ்டார்லைனருக்கு அப்படித்தான் 2014-ல 420 கோடி பேசுச்சி. நூறு நூறு கோடியா நட்டத்தைக் கம்பெனியே முழுங்குச்சி. எட்டு நாள்ல திரும்பணும்னு அதுல போன சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாசங் கழிச்சி வேற வண்டியில வந்து இறங்குனாக. நட்டம் யாரு தலையிலங்கிறதைத்தான் ஒப்பந்தம் மாத்தும், தாமதத்தை மாத்தாது.

மூணாவது பாடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேலையை ஊர் ஊராப் பங்கு வையி. நாசாவோட எஸ்.எல்.எஸ். ராக்கெட்டைப் பாரு. வடிவமைக்கிறது அலபாமா, தொட்டி கட்டுறது லூசியானா, எஞ்சினைச் சோதிக்கிறது மிசிசிப்பி, பக்க பூஸ்டரு யூட்டா, ஏவுறது புளோரிடா. செனட்டுக்காரவுகளே வரைஞ்ச ராக்கெட்டுன்னு கேலி பேசுதாக. 2010-ல போட்ட சட்டத்துல 2016 முடியுதுக்குள்ள தயாரா இருக்கணும்னு எழுதியிருந்தாக. முதல்ல பறந்தது 2022 நவம்பர் 16. புதுசாக் கண்டுபிடிக்க நேரமாகும், அதனால ஷட்டில் எஞ்சினையே எடுத்துக்கிடுவோம், சிக்கனம்னு ஆரம்பிச்ச வேலை இது. திரும்பத் திரும்பப் பறக்கச் செஞ்ச எஞ்சினை ஒரு தடவை எரிச்சிட்டுக் கடல்ல போடுததுக்குப் பேரு சிக்கனம். முதல் நாலு பயணத்துக்குத் தடவைக்கு 410 கோடி டாலர், இது கட்டுபடியாகாதுன்னு நாசாவோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் பால் மார்ட்டினே 2022-ல அமெரிக்கக் காங்கிரசுல சொன்னாரு. இதோட அடுத்த பெரிய ராக்கெட்டு நிக்கிறதுக்கு ஒரு கோபுரம் வேணும்னு 2019-ல பெக்டெல் கம்பெனிக்கு 38 கோடி சொச்சத்துக்குக் குடுத்தாக. 2024-ல அதே இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் கூட்டிப் பாத்தா 270 கோடி வருது. ராக்கெட்டு இல்லய்யா, அது நிக்கிற கோபுரம்.

சரி, இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருதுன்னு கேளு. சிரிக்கிறதை இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக்கிடுதேன். நாசாவுக்கு வருசா வருசம் வார தொகை பெருசா ஏறுறதில்ல. பெரியவன் ரெண்டாந் தடவை சோறு போட்டுக்கிட்டா கடைசிப் பந்திக்குச் சட்டிதான் மிஞ்சும். வானியலையே தின்ன தொலைநோக்கின்னு 'நேச்சர்' பத்திரிகை 2010-லயே தலைப்புப் போட்டுச்சி. தொடங்காமலே போன சின்னத் திட்டங்களோட பேரு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதுக்கு எந்தக் கமிட்டியும் கூடுறதில்ல. செவ்வாயில பெர்சிவரன்ஸ் வண்டி மண்ணையும் பாறையையும் குழாய் குழாயா அடைச்சி வச்சிருக்கு. அதை எடுத்து வார திட்டத்துக்கு 1,100 கோடி வரை ஆகும், 2040-லதான் வந்துசேரும்னு தெரிஞ்சதும், இம்புட்டு விலையும் ஆகாது இம்புட்டு நேரமும் ஆகாதுன்னு 2024-ல நாசா தலைவர் பில் நெல்சனே கையை விரிச்சாரு.

இனாமுலயும் உசாரா இரு. 2012-ல அமெரிக்க உளவுத்துறை, இந்தா எங்ககிட்ட ரெண்டு தொலைநோக்கி சும்மா கிடக்கு, வச்சிக்கோங்கன்னு குடுத்துச்சி. 2.4 மீட்டர் கண்ணாடி, ஹபிள் அளவு. அடுத்து செய்யப்போற தொலைநோக்கிக்கு அதையே மாட்டிருவோம்னாக. கண்ணாடி பெருத்ததும் வண்டியும் பெருத்துது, கூட ஒரு புதுக் கருவியும் ஏறிக்கிட்டுது. 2017-ல, 320 கோடிக்குள்ள அடக்குங்கன்னு திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சி. ஓசிக் கண்ணாடி!

இம்புட்டுக்கும் மேல ஏன் யாரும் திருந்தலங்கிறதை நாசா தணிக்கைக்காரவுகளே 2012-ல ஒரு அறிக்கையில எழுதி வச்சாக. 'ஹபிள் மனப்பான்மை'ன்னு அதுக்குப் பேரு. செலவு எம்புட்டு எகிறினாலும் எவனாவது குடுப்பான், கடைசியில படம் நல்லா வந்துட்டா பழசு மறந்துபோகும்ங்கிற நம்பிக்கை. ஹபிள் 1990-ல மேல போகையில கண்ணாடியோட ஓரம் மயிரிழையில அம்பதுல ஒரு பங்கு தப்பாத் தேஞ்சிருந்துது. ஊரே சிரிச்சிது. 1993-ல ஆளுக போய்ச் சரி பண்ணதும் சிரிச்ச வாயே பாராட்டுச்சி. வெப்பும் அப்படித்தான். 2022 சூலையில முதல் படம் வந்த அன்னைக்கு திருகைப் பத்தி ஒருத்தனாவது பேசுனானா? நானுந்தான் பேசல. இன்னொரு பேரன் செல்போன்ல காட்டுனான், வாயத் தொறந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தப் படம் 1,000 கோடி பெறும்ய்யா. அதுதான் வில்லங்கமே.

அந்தத் தொலைநோக்கிக்கு யாரு பேரை வச்சாக தெரியுமா? 1961-ல நாசா தலைவரா இருந்த ஜேம்ஸ் வெப். நிலவுக்குப் போக என்ன ஆகும்னு கேட்டா, இன்சினியருக 1,000 கோடி, 1,200 கோடின்னு எழுதிக் குடுத்தாக. வெப் அதைக் கிட்டத்தட்ட ரெட்டிப்பாக்கி 2,000 கோடின்னு கொண்டுபோய் மேல குடுத்தாரு. தன் ஆளுக கணக்கு எம்புட்டு தூரம் ஓடும்னு அவருக்குத் தெரியும். முடிஞ்சப்போ சுமாரா 2,500 கோடி. அதுவும் வழிஞ்சதுதான், ஆனா பத்து மடங்கு வழியல, குறிச்ச பத்து வருசத்துக்குள்ள நிலவுல காலும் வச்சாக. உனக்கு அந்தத் தைரியம் இருந்தா இதுவரை நான் சொன்னது அத்தனையும் காத்துல விட்டுட்டு அவரு மாதிரி எழுது. கையெழுத்து விழுமான்னு என்னைக் கேக்காத. அவருக்குப் பின்னால கென்னடி இருந்தாரு.

அந்தத் தைரியம் இல்லேன்னா கடைசி யோசனையாவது கேளு. நீ எஸ்டிமேட் போடப் போற தொலைநோக்கிக்கு 1,100 கோடி ஆகும், 2040-கள்ல ஏவலாம்னு வானியல்காரவுக 2021-லயே சொல்லிட்டாக. நீ எந்த வருசம் ரிட்டயர்டு ஆகுதேன்னு முதல்ல பாத்துக்கோ. ஏவுத தேதியை அதுக்கு ரெண்டு வருசம் தள்ளி எழுது. ஆறு ஏழு மீட்டராக் கேளுங்கன்ன கோல்டின் 2001-லயே நாற்காலியை விட்டு எந்திருச்சிப் போயிட்டாரு. 2018 சூலையில கமிட்டி முன்னால உக்காந்து பதில் சொன்னது யாரு? பதவிக்கு வந்து மூணே மாசம் ஆன ஜிம் பிரிடன்ஸ்டைன். உனக்காகப் பதில் சொல்லப் போறவன் இப்போ எந்தப் பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு படிச்சிக்கிட்டிருக்கானோ, நல்லாப் படிக்கச் சொல்லு.