பேசாலைக்கு ஒரு காதுக் கடிதம்

ஸ்காபரோ,
2022 மார்கழி 11.

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

வெற்றி மாதாவின்ர கிருபையால நாங்கள் மூண்டு பேரும் சுகம். அதாவது, இந்த வரியை எழுதிற நேரம் சுகம். கடிதம் உங்கட கைக்கு வரமுதல் எங்கட பெடியனுக்கு இன்னொருக்காக் காதுக்குத்து வரும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வட்ஸ்அப் இருக்கேக்க என்னத்துக்குக் கடிதம் எண்டு அப்பா கேப்பார். வீடியோவில அம்மா கதைப்பா, நான் தலையாட்டுவன். ஒரு வசனத்தை முழுசா முடிக்க எனக்குக் கடிதத்திலதான் கிடைக்குது.

புரட்டாதியில அவனை டேகேயரில விட்டம். அங்க விளையாட்டு லொறி ஒண்டு இருக்கு. ஒருத்தன் நக்கிப்போட்டு அடுத்தவனிட்டக் குடுப்பான், அவன் நக்கிப்போட்டு எங்கட ஆளிட்டக் குடுப்பான். பகிர்ந்து விளையாடுறான் எண்டு ரீச்சருக்குச் சந்தோசம். லொறியோட சளியும் பகிருது. சளி வந்து இரண்டு மூண்டு நாளில காய்ச்சல், பிறகு நடுச்சாமத்தில காதைப் பிடிச்சுக்கொண்டு குளறல். மாறினவுடன திரும்ப டேகேயர், திரும்ப லொறி. அவன் வீட்டில படுத்திருக்கிற நாளுக்கும் அங்க காசு கட்டத்தான் வேணும்.

ஏன் இப்பிடி எண்டு டொக்டரம்மா படம் கீறிக் காட்டினா. அப்பாவுக்குப் படம் தேவையில்லை. சங்குக்கும் அட்டைக்கும் இறங்கின காலத்தில, ஆழம் போகப் போகக் காது அடைக்க, மூக்கைப் பொத்தி ஊதிக் காதைத் திறப்பீங்களே அப்பா, அந்தக் காத்துப் போற வழிதான் சங்கதி. மூக்குக்குப் பின்னால இருந்து நடுக்காதுக்குப் போற குழாய் அது. பெரியாக்களுக்கு நீளமாயும் சரிவாயும் இருக்கும். குழந்தையளுக்குக் கட்டை, அதோட கிட்டத்தட்டப் படுத்த மாதிரிக் கிடக்கும். தடிமன் வந்து குழாய் வீங்கினா உள்ளுக்கு நீர் தேங்கும், கிருமி பெருகும், செவிப்பறையை உள்ளிருந்து தள்ளும். சளியோட கடலில இறங்கமாட்டன் எண்டு நீங்கள் சம்மாட்டியோட சண்டை பிடிச்சதும் இதாலதானே. ஆனா பதினாலு மாசப் பிள்ளைக்கு மூக்கைப் பொத்தி ஊத ஆர் சொல்லிக் குடுக்கிறது? நான் சொல்லிக் குடுத்துப் பாத்தன். கடிச்சுப்போட்டான்.

சுகமான செவிப்பறை முத்து நிறத்தில மினுங்குமாம். 1905இல மரிச்சுக்கட்டியில முத்துக்குளிப்புக்கு எத்தனை ஆயிரம் சனம் குவிஞ்சது! இங்க டொக்டரம்மா தன்னந்தனிய லைற்றோட இறங்கித் தேடுறா. அம்பிடுறது என்னவோ ஒவ்வொருக்காவும் சிவந்து உப்பின பறைதான்.

இனி அம்மாவின்ர வைத்தியத்துக்கு வாறன். வாடைக்காத்து காதுக்குள்ள போனதால வந்தது எண்டீங்கள். இல்லையாம், வெளியில வீசிற காத்தைச் செவிப்பறை மறிச்சிடும். குளிக்கவாக்கேக்க தண்ணி போனது? அதுவும் இல்லை. கண்ணூறு பற்றி நான் கேக்கேல்லை, கேக்கிற துணிவும் இல்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சதைச் சொன்னன், "நல்லது, மருந்தையும் சேத்துக் குடுங்கோ" எண்டா. நல்ல மனுசி. சாம்பிராணியை நிப்பாட்டியாச்சு. புகை கூடாது எண்டது ஒரு காரணம், புகை கண்டதும் கூரையில இருக்கிற மணி அடிச்சு முழுக் கட்டிடத்தையும் பனிக்குள்ள இறக்கிப்போடும் எண்டது மற்றக் காரணம். சிகரெட் புகையும், படுக்கவைச்சுப் போத்தல்பால் குடுக்கிறதும், வாயில எந்த நேரமும் சூப்பியும் காதுக்குத்தைக் கூட்டுமாம். தாய்ப்பால் குறைக்குமாம், ஆனா அதைக் காதுக்குள்ள விட்டில்லை அம்மா, வாயால குடுத்து.

மன்னார்க் கழுதையளைப் பற்றியும் யோசிச்சன். அந்தப் பெரிய காதோட பஸ் நிலையத்தில மழையிலயும் வெயிலிலயும் நிக்குதுகள், ஒண்டாவது காதைப் பிடிச்சுக்கொண்டு அழுது நான் கண்டதில்லை. டேகேயருக்குப் போறதில்லை எண்டதுதான் காரணமா இருக்கவேணும்.

சரி, மருந்துக் கதை. ஆடி மாசம் பனடோல் சிரப்புக்கு மன்னார் முழுக்க அலைஞ்சு தங்கச்சி அழுதது ஞாபகம்தானே. பெற்றோலுக்கு வரிசை, காசுக்கு வழியில்லை, தலைமன்னாரில இருந்து சனம் படகேறித் தனுஷ்கோடிக்குப் போன வருசம். நான் இங்க போத்தல் போத்தலா வாங்கிப் பார்சல் கட்டினன், கொஞ்சம் பெருமையோடயும்தான். கார்த்திகை வந்துது. கனடாவில பிள்ளையளின்ர காய்ச்சல் மருந்துத் தட்டு துடைச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு! புளூ, கொரோனா, ஆர்எஸ்வி எல்லாம் ஒண்டா வந்து நாட்டில இருந்த சிரப்பை முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டுது. அமொக்சிசிலின் தண்ணி மருந்துக்கும் தட்டுப்பாடு. பிறகு அரசாங்கம் பத்து லட்சத்துக்கு மேல போத்தல் வெளியில இருந்து எடுக்கிறம் எண்டு அறிவிச்சுது. போத்தலில இங்கிலீசோட பிரெஞ்சும் இருக்கவேணும் எண்ட விதியில ஒரு வாக்குவாதம் வேற. 1956இல இருந்து மொழிச் சண்டை பாத்த நாடு எங்கடது, ஆனா காய்ச்சல் மருந்துக்கு மொழிச் சண்டை நான் இங்கதான் கண்டன். பக்கத்து வீட்டு அண்ணர் எல்லை தாண்டிப் பபலோவில போய் வாங்கிவந்து எனக்கு ஒண்டு தந்தார். அந்தக் காலம் ராமேஸ்வரத்தில இருந்து வள்ளத்தில சேலை வந்திறங்கின மாதிரி, இரவில, சத்தமில்லாமல், பையைத் துணியால மூடித்தான் தந்தார்.

நான் அனுப்பினதில மிச்சம் இருக்கோ எண்டு அம்மாவைக் கேட்டன். "அது மாமியின்ர பேரனுக்குக் குடுத்தாச்சு" எண்டு பதில். அதில ஒரு சங்கதி. ஊர்ப் பனடோல் சிரப்பில 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், இங்கத்தையச் சிரப்பில 160. பழைய கரண்டிக் கணக்கில ஊத்தவேண்டாம் எண்டு மாமிக்கு உடன சொல்லுங்கோ. அளவு பிள்ளையின்ர நிறையைப் பாத்துத்தான்.

"உடன மருந்து எழுதாதவ என்ன டொக்டர்" எண்டு அப்பா கோவிச்சீங்கள். ஆறு மாசம் தாண்டின, கடுமையில்லாத பிள்ளையெண்டா நோ மருந்து மட்டும் குடுத்து இரண்டு நாள் பாக்கிறது இங்கத்தைய முறை. கனக்கப் பிள்ளையளுக்குத் தானாவே மாறிப்போகும். காய்ச்சல் 39 பாகையைத் தாண்டினா, காதால சீழ் வந்தா, நோ விடாமல் நிண்டா அமொக்சிசிலின். அந்த இரண்டு இரவும் எங்கட பாடு. படுத்தா நோ கூடும் எண்டபடியால் ஆளை நெஞ்சில நிமித்திப் போட்டுக்கொண்டு நடப்பன். எனக்குத் தெரிஞ்ச தாலாட்டு அப்பா வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டுத்தான். வலை கரைக்கு வரமுதல் கீழ்வீட்டுக்காரர் தடியால கூரையில இடிப்பார்.

ஆறு மாசத்தில மூண்டு தரம், இல்லாட்டி வருசத்தில நாலு தரம் வந்தா, செவிப்பறையில அரிசியிலும் சின்னக் குழாய் வைக்கிறதைப் பற்றிக் கதைப்பினம். 1954இல அமெரிக்காவின்ர வட கரோலினாவில ஆம்ஸ்ரோங் எண்ட டொக்டர் தொடக்கி வைச்ச வழி (நிலவுக்குப் போனவர் இல்லை அப்பா, இவர் வேற ஆள்). ஆனா போன வருசம் பிற்ஸ்பேர்க் பக்கத்து டொக்டர்மார் 250 பிள்ளையளை இரண்டு வருசம் பாத்து எழுதினது, குழாய் வைச்ச பிள்ளைக்கும் வைக்காத பிள்ளைக்கும் காதுக்குத்து வந்த தடவை அநேகமா ஒண்டுதான் எண்டு. அதனால மாரி கழியட்டும் பாப்பம் எண்டு விட்டிருக்கிறம். பிள்ளை வளர வளரக் குழாயும் நீண்டு சரியும், தொல்லையும் குறையும்.

கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறானில்லை, அப்படியே அப்பாவின்ர குணம் எண்டு அம்மா சொன்னீங்கள். உள்ளுக்கு நிக்கிற நீரால கொஞ்ச நாளைக்குக் காது மந்தமா இருக்குமாம். மூண்டு மாசத்துக்குள்ள பெரும்பாலும் வத்திப்போகும், வத்தாட்டிச் சோதிக்கவேணும். அப்பாவுக்கு எப்ப வத்தும் எண்டு டொக்டர் சொல்லேல்லை.

கடைசியா ஒரு மண்டாட்டம். தங்கச்சியின்ர மகளுக்கும் காதுக்குத்தாம் எண்டு கேள்விப்பட்டன். உள்ளி காய்ச்சின எண்ணெய்ப் போத்தலை அடுப்படியிலயே வைச்சிருங்கோ அம்மா. பறை வெடிச்சிருந்தா எண்ணெய் உள்ளுக்குப் போகும், டொக்டர் லைற் அடிச்சுப் பாத்தாலும் பறை தெரியாது. கோழியிறகால காது குடையவும் வேண்டாம். சீழ் வடிஞ்சா, காதுக்குப் பின்னால வீங்கினா, பிள்ளை சோர்ந்து கிடந்தா, நேர்த்தியைப் பிறகு வைக்கலாம், முதல் மன்னார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்