சில்லறை மிராசுதார்

வங்கியில் பணம் போட வருகிறவர்கள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வருவார்கள். சில்லறை மிராசுதாரால் அப்படி வர முடியாது. ஆட்டோவிலிருந்து அவர் இறங்குவதற்கு முன்பே அவருடைய பணம் இறங்கும் சத்தம் கேட்கும். கட்டைப்பை இரண்டு, அரிசிச் சாக்கு ஒன்று, எவர்சில்வர் தூக்கு ஒன்று. "தம்பி, இந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்று வாசல் காவலாளியை அழைப்பார். அவரும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிடிப்பார். வங்கியைக் கொள்ளையடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் கொள்ளைக்காரனும் அந்தச் சாக்கைத் தொடமாட்டான்.

டீக்கடைக்காரரையும் கோயில் உண்டியல் எண்ணுகிறவர்களையும் இவரோடு சேர்த்துவிடாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு. அவர்களிடம் சில்லறை வரும், போகும். நம்மவரிடம் வரும், அவ்வளவுதான். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், சொந்த வீடு, மாதம் பிறந்தால் பென்ஷன். இருந்தாலும் டவுன் பஸ்ஸில் ஏறியதும் நூறு ரூபாய் நோட்டைத்தான் நீட்டுவார்.

"சில்லறை இல்லையா சார்?"

"இருந்தா கொடுக்க மாட்டேனாப்பா?"

சட்டைப்பையில் ஏதோ குலுங்கும். கண்டக்டர் முறைத்தால், "சாவி" என்பார். மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தால் நம்மில் பாதிப் பேர் மறந்துபோய் இறங்கிவிடுவோம். இவர் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், வாங்கிக்கொண்டு, திரும்பி நடந்து வருவார். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தால், "எனக்குச் சர்க்கரை இருக்கு, காசாக் கொடு" என்பார். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற புரளியில் ஊரே அதை வாங்க மறுத்தபோது இவர் ஒருவர்தான் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது அவருக்கு மனப்பாடம். செல்லும் என்று தெரிந்தவர் ஏன் அதைச் செலவழிக்கவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது.

மொய்க் கவரில் ஒட்டி வரும் ஒரு ரூபாய்தான் அவருக்கு விசேஷ வரவு. மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து என்று வந்த கவர்களிலிருந்து பிய்த்தெடுத்தவை தனி டப்பாவில் இருக்கும், பசையும் கிழிந்த காகிதமுமாக. ஆரத்தித் தட்டில் விழுந்தவை குங்குமத்தோடு இன்னொரு டப்பாவில். மற்றதெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பரண் ஏறும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், "ஐயா, பரண் வளைஞ்சிருக்கு" என்று சொல்லி, "ஒண்ணு அது இறங்கணும், இல்லே நான் இறங்கணும்" என்று வீட்டம்மாளும் சொன்ன பிறகுதான் ஆட்டோ வரும்.

அதுவும் மாதத்தின் முதல் தேதியில் வரும்.

காசாளர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். சாக்கைப் பார்த்ததும், "சார், வெள்ளிக்கிழமை வாங்களேன்" என்பார். நம்மவர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுப்பார். லேமினேஷன் செய்தது. எந்த வங்கிக் கிளையும் நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்னும் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவரல்ல. "2011 நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல காசாக் கொடுத்தா செல்லாது சார்" என்பார். "அது கடையில. கணக்குல போட வரம்பே கிடையாது" என்பார் இவர். உண்மைதான்.

"நூறு நூறா பாலிதீன் பையில போட்டுக் கொண்டு வந்தா வசதின்னு உங்க சுற்றறிக்கையிலேயே இருக்கு சார்."

"வசதின்னுதான் போட்டிருக்கான். கட்டாயம்னு போடலியே!"

முப்பது வருஷம் கோப்பு பார்த்த மனிதரை யார் ஜெயிக்க முடியும்? எண்ணாமல் எடை போட்டும் வாங்கலாம் என்கிறது அதே சுற்றறிக்கை. எழுதியவர் இந்தச் சாக்கைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 2011-இல் வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019-இல் வந்தது 3.09 கிராம், அதற்கெல்லாம் முந்தியது 4.85 கிராம். எடை போடுவதற்கு முன்னால் பிரித்தாக வேண்டும். பிரிக்கிற நேரத்தில் எண்ணிவிடலாம். 2011 ரகத்தில் மட்டும் ஐயாயிரம் ரூபாய் கொண்டுவந்தால் ஏறக்குறைய 19 கிலோ, டீக்கடை சிலிண்டருக்குள் இருக்கும் கேஸின் எடை. நோட்டு எண்ணும் இயந்திரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

பின்னால் வரிசை வாசலைத் தாண்டும். பென்ஷன் வாங்க வந்த பாட்டி கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார். அவருக்கும் பின்னால் தெருமுனை மளிகைக்காரர் நிற்பார். அவர் வந்ததே சில்லறை கேட்டுத்தான். வெளியில் கமிஷன் கொடுத்து வாங்கி மாளவில்லை. "சார், அதை அப்படியே எங்கிட்டக் கொடுத்துடுங்க, இப்பவே நோட்டாத் தர்றேன்" என்று கெஞ்சுவார். மிராசுதார் அவரை மேலும் கீழும் பார்ப்பார். "உன்னை எப்படிய்யா நம்புறது? நீ எண்ணிக் குறைச்சுட்டா?"

மத்தியானம் இரண்டு மணிக்குச் சலான் கைக்கு வரும். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். "சில்லறை இல்லையா ஐயா?" என்று கேட்பார், காலையில் அந்தச் சாக்கை ஏற்றி இறக்கிய அதே ஆட்டோக்காரர்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்குமானால், தயவுசெய்து இன்று சாயங்காலமே மளிகைக் கடையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுங்கள். கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். எட்டணா இருந்தாலும் தயங்க வேண்டாம், சட்டப்படி அது இன்னமும் செல்லும். நாலணாவை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். 2011 ஜூன் மாதத்தோடு அது செல்லாமல் போய்விட்டது.