இன்னிக்கு எந்த ஜலம்?

விடிந்ததும் எங்கள் பாட்டி கேட்கிற முதல் கேள்வி, பால் வந்ததா என்பதல்ல. "ஏண்டா, இன்னிக்கு எந்த ஜலம்?" என்பதுதான்.

1970-களின் நங்கநல்லூரில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதற்கு மூன்று பதில்கள் உண்டு. கொல்லைக் கிணற்றில் ஊறுவது உப்பு ஜலம்; வாசல் தெளிக்கவும் துணி அலசவும் ஆகும். நாலு வீடு தள்ளி ஒரு கிணற்றில் நல்ல ஜலம். அந்த வீட்டு மாமியின் அன்றைய மனசைப் பொறுத்து, சமையலுக்கு இரண்டு குடம் கிடைக்கும். மூன்றாவது, மழை ஜலம். மொட்டைமாடியில் நாலு கம்பு நட்டு, தாத்தாவின் பழைய வேட்டியை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவாள் பாட்டி. வேட்டி கல்லிடம் குழியும், மழை அங்கே கூடும், கீழே வைத்த அண்டாவில் இழையாக இறங்கும்.

எது எந்த ஜலம் என்று கண்டுபிடிக்கப் பாட்டிக்குத் துவரம்பருப்பு போதும். மலர்ந்து குழைந்தால் நல்ல ஜலம். ஒரு மணி நேரம் கொதித்தும் விறைத்துக்கொண்டு நின்றால் உப்பு. சவுக்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் போனால் படு உப்பு. தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிவிடுவதால்தான் அது வேக மறுக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு எத்தனை மணிக்கு ஆகும் என்பதுதான். அது ஒருநாளும் தப்பியதில்லை.

பத்துப் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் கொல்லைப்புற வழியாக வருவாள். விறகடுப்புச் சாம்பல், தேங்காய் நார், பித்தளைக்கு மட்டும் ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை. சாமான் அவ்வளவுதான். உப்பு ஜலத்தில் அலம்பிய பாத்திரத்தை அப்படியே காயவிட்டால் வெள்ளையாகப் படியும் என்பதால், அலம்பிய சூட்டோடு ஒரு பழைய துணியால் துடைத்துக் கவிழ்த்துவிடுவாள். அவளுக்குக் காபி கொடுக்கிற டம்ளர் மட்டும் கொல்லை மாடத்தில் தனியாக இருக்கும். எங்கள் எல்லார் பாத்திரத்தையும் அவள் தேய்ப்பாள். அவள் டம்ளரையும் அவளேதான் தேய்த்துக்கொள்வாள். சுத்தம் பற்றி எங்களுக்கு அவ்வளவு தெளிவான அபிப்பிராயங்கள் இருந்தன.

அந்த வீடு இப்போது இல்லை. அதே மனையில் ஆறு ஃப்ளாட்டுகள். கிணறு இருந்த இடத்தில் லிஃப்ட். நான் தண்ணீர் இறைத்த உயரத்தைவிட அதிக உயரத்துக்கு நானே இறைக்கப்படுகிறேன்.

2020 ஊரடங்கில் வேலைக்கு வருகிறவர் வர முடியாமல் போனபோது, பெங்களூரிலிருக்கும் மகள் பரிதாபப்பட்டு, கடை திறந்ததும் ஒரு டிஷ்வாஷரை வாங்கி அனுப்பிவைத்தாள். நகரங்களில் பலர் அந்த வருஷம்தான் இந்தச் சாதனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கூடவே வந்த புத்தகத்தை நான் படித்தது, எதையெல்லாம் உள்ளே வைக்கக்கூடாது என்ற பக்கம் வரைக்கும்தான். வெண்கலப் பானை கூடாது. இரும்புச் சட்டி கூடாது. அலுமினியம் கறுத்துவிடும். மரக்கரண்டி பிளந்துவிடும். ஈயச்சொம்பை நினைத்தே பார்க்கக்கூடாது. ஆக, தேய்த்தால் கை வலிக்கிற பாத்திரமெல்லாம் எனக்கு. விரலால் தடவினாலே சுத்தமாகிவிடும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் அதற்கு. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல நடந்துகொண்டது.

மூன்றே வாரத்தில் டம்ளர்கள் மங்க ஆரம்பித்தன. முதலில் மூடுபனி, பிறகு சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெள்ளை. தேய்த்தால் போகாது, நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். "ஏன்னா, இதுல காபி குடிச்சா விபூதி பூசிண்டாப்ல இருக்கு" என்றாள் மனைவி. நான் பவுடரை இரட்டிப்பாக்கினேன். மங்கலும் இரட்டிப்பானது. இயந்திரத்தைத் திட்டினேன். மகளை மறைமுகமாகத் திட்டினேன். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு முதல் நாளிலிருந்தே உப்பு கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணியே உப்பு, இதுக்கு மேல உப்பா என்று அதை மட்டும் அலட்சியம் செய்தேன்.

சர்வீசுக்குச் சொன்ன அன்று நல்ல மழை. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிக்கொண்டு வரமுடியாது, நாளைக்கு வருகிறேன் என்றார் அந்தத் தம்பி. பிறகுதான் எனக்கு உறைத்தது. உலகத்திலேயே மிருதுவான, ஒரு துளி சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர் வானத்திலிருந்து விழுந்து சுரங்கப்பாதையில் தேங்கிக் கிடக்க, அதைத் தாண்டி வர முடியாமல் ஒருவர் நிற்கிறார். அவர் வரவேண்டியதோ என் வீட்டுக் கடினமான தண்ணீரைச் சரிசெய்ய. 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் கட்டிடத்திலும் குழாய் இறக்கினோம். குழாய் இன்னும் இருக்கிறது. அது போய்ச்சேரும் குழியின் மேல்தான் இப்போது இரண்டாம் மாடிக்காரரின் கார் நிற்கிறது. தாத்தாவின் வேட்டியின் மேல் யாரும் காரை நிறுத்தியதில்லை.

மறுநாள் "32 அடி ஆஞ்சநேயர் கோயில்ல இருந்து போன் பண்ணுங்க" என்ற வழக்கமான நங்கநல்லூர் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி வந்துசேர்ந்தார். டம்ளரைப் பார்த்தார். இயந்திரத்தைத் திறக்கக்கூட இல்லை.

"உங்க தண்ணி ஹார்ட்னஸ் எவ்வளவு சார்?"

நான் முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்தில் கணக்கு எழுதியவன். மகளின் சம்பளம், பேரனின் எடை, டிஷ்வாஷரின் மாதத் தவணை எல்லாம் சொல்வேன். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றி ஒரு எண்கூடத் தெரியவில்லை.

தம்பி பொறுமையாக விளக்கினார். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சூடேறும்போது பிரிந்து, காய்கிறபோது படிந்துவிடும். அதைத் தடுக்க இயந்திரத்தின் அடியில் பிசின் மணிகள் நிறைந்த ஒரு டப்பா இருக்கிறது. மணிகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். கை நிறைந்துவிட்டால் கெட்டியான உப்புத் தண்ணீரை ஓடவிட்டு மணிகளைக் கழுவவேண்டும். பிடித்ததெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். அதற்குத்தான் அந்த உப்பு. நம் பாஷையில் நாக்கைக் கரிப்பதும் உப்பு, பாத்திரத்தில் படிவதும் உப்பு. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல உப்பை உப்பால் எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனதற்குத் தமிழும் ஒரு காரணம்.

மனைவி உள்ளேயிருந்து சமையல் உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். தம்பி பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். அது நைஸ் உப்பு, கட்டிதட்டாமல் இருக்க ஏதேதோ சேர்த்திருப்பார்கள், அடைத்துக்கொள்ளும். இதற்கென்று தனியாகச் சுத்தமான பருமணி உப்பு விற்கிறது. விலை, சாம்பாரில் போடும் உப்பைப்போலப் பல மடங்கு. கடைசி அலசலுக்கு ரின்ஸ் எய்டு என்று ஒரு திரவம்; தண்ணீரை முத்து முத்தாக நிற்கவிடாமல் வழுக்கி ஓடவைக்கும். கொல்லைப்புறத்து அம்மாளின் துடைக்கும் துணியைப் புட்டியில் அடைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு? ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகரைத் தடவிப் பார்த்தார். தெளிந்தது. தெளியாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, மீட்க முடியாது என்றார். நல்லவேளை, படிவுதான். எலுமிச்சை உப்பு போட்டு இயந்திரத்தைக் காலியாக ஒருமுறை ஓட்டச் சொன்னார்.

"எது புளிப்போ அது போதும் சார். புளிகூடப் போதும், ஆனா மெஷின்ல போட்டுடாதீங்க."

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று அன்றிரவு படித்தபோது ஒரு விசித்திரம் அகப்பட்டது. எங்களூருக்குக் காவலாக நிற்கிற பரங்கிமலையும் பல்லாவரமும் ஒரே ஜாதிப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்கு மேல் இருக்கும் கல்லும் அதே பாறை என்பதைத் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் எழுதினார். அதனால்தான் அதற்குச் சார்னோகைட் என்று பெயர். அதே 1893-ல்தான் சிகாகோ உலகக் கண்காட்சியில், இல்லினாய்ஸைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரன், 1886-ல் காப்புரிமை பெற்ற தன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். அதே வருஷம், அதே ஊரில்தான் விவேகானந்தர் பேசினார். நாம் சிகாகோவிலிருந்து பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். இயந்திரம் வந்துசேர 127 வருஷம் ஆயிற்று. வந்து பார்த்தால், அதே வருஷம் பெயர் பெற்ற பாறை இங்கே காத்துக்கொண்டிருந்தது. பாறை இடுக்கில் நெடுநாள் நின்று, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு போரில் ஏறுகிற தண்ணீர் யாருக்கும் மிருதுவாக இருக்காது.

தம்பி விட்டுச்சென்ற காகிதப் பட்டையைக் குழாயில் நனைத்தேன். நாலு கட்டத்தில் இரண்டு சிவந்தது. மறுநாள் நனைத்தேன். நாலும் சிவந்தது. பட்டை கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்றை எடுத்தேன். அதுவும் நாலு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் தொட்டி திங்கட்கிழமை ஏற்கத்தக்கதாகவும் செவ்வாய்க்கிழமை வேறு வழியே இல்லாததாகவும் இருந்தது.

காரணத்தை வாட்ச்மேன் சொன்னார். தொட்டி ஒன்றுதான், அதில் விழுவது மூன்று. மெட்ரோ தண்ணி வந்தால் அது. வராவிட்டால் லாரி. லாரியும் வராவிட்டால் போர் மோட்டார். லாரியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இயந்திரத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தூங்க முடியாது. அது ஒவ்வொரு நாளும் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம்.

ஆகவே இப்போது ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. மெட்ரோ தண்ணி நாளில் டிஷ்வாஷர் ஓடும். லாரி நாளில் பட்டையை நனைத்துப் பார்த்து முடிவு செய்வேன். போர் நாளில் இயந்திரத்தின் மேல் காய்கறிக்கூடையை வைத்துவிட்டு, நானே சிங்க்கில் நின்று, ரசத்துக்குப் பிழிந்த புளிச்சக்கையால் டம்ளர்களைத் தேய்த்து, காயவிடாமல் துணியால் துடைத்துக் கவிழ்க்கிறேன். வேலைக்கு வருகிறவர் ஊரடங்குக்குப் பிறகு திரும்பவும் வருகிறார். பெருக்கித் துடைக்க மட்டும். அவர் காபி குடித்த டம்ளரும் மற்ற டம்ளர்களோடுதான் கிடக்கிறது. அதைத் தேய்ப்பது என் முறை.

ராத்திரி ஒன்பதரைக்கு, சாப்பிட்ட தட்டுகள் சிங்க்கில் காத்திருக்க, இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு எந்தத் தண்ணிப்பா?"

செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"போர் தண்ணிதான் சார். ஏன், பருப்பு வேகலியா?"