விண்வெளிக்கு வந்த வீட்டோடு மாப்பிள்ளை

விமானந்தாங்கிக் கப்பல் எதற்காக அவதரித்தது? கப்பல் தண்ணீரில் ஊர்கிறது, விமானம் காற்றில் பறக்கிறது. அதனால் விமானத்துக்கு வேகம் பல மடங்கு. 1942 ஜூனில் மிட்வேயில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகளை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. விண்வெளியில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. பெரிய கப்பலும் குட்டிக் கப்பலும் ஒரே சூனியத்தில் மிதக்கின்றன. நியாயமாகப் பார்த்தால் ஃபைட்டர் என்ற குட்டிச் சண்டை விமானத்துக்கு அங்கே உத்தியோகமே கிடையாது.

நியாயத்தை யார் கேட்டார்கள்? 'ஸ்டார் வார்ஸ்' எடுக்கும்போது, விண்வெளிக் காட்சிகள் தயாராகும்வரை ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். 1977இல் படம் ஓடிய ஓட்டத்தில், மேஜைமேல் விண்கப்பல் போர் நடத்தும் ஆட்டக்காரர்கள் ஃபைட்டரை வீட்டோடு மாப்பிள்ளையாகவே வரித்துக்கொண்டார்கள். பிறகுதான் செலவு தெரிந்தது.

1979இல் டெக்சஸின் அமரில்லோ நகரத்து ஸ்டீபன் கோல் 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். ஒரு சுற்றை 32 துண்டாக நறுக்கும் ஆட்டம் அது. எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு சக்தி என்று படிவம் வேறு நிரப்ப வேண்டும். இது போதாதென்று, பின்னால் வந்த விரிவாக்கங்களில் ஃபைட்டர்கள் வந்தன. ஆட்டத்தில் வரும் வேற்றுக்கிரகவாசிகளில் ஹைட்ரன் இனத்தார் சாதாரணப் போர்க்கப்பலிலேயே அவற்றை ஏற்றிக்கொண்டார்கள். க்ஸின்ட்டி இனத்தாரின் ஃபைட்டர்கள் ட்ரோன் சுமந்து வந்தன. ட்ரோன் என்றால் அங்கே ஏவுகணை. பன்னிரண்டு ஃபைட்டர் ஆளுக்கு இரண்டு ட்ரோன் விட்டால் மேஜையில் 36 அட்டைச் சில்லுகள். ஒவ்வொரு துண்டு நேரத்திலும் எது நகரும், எது நிற்கும் என்று பார்க்க வேண்டும். நடுவில் யாராவது தும்மினால் விண்மீன் மண்டலத்தின் எல்லையே மாறிவிடும்.

இங்கிலாந்தின் ஜான் டஃப்லி எளிமை விரும்பி. 1990களில் புகழ்பெற்ற தம் 'ஃபுல் த்ரஸ்ட்' ஆட்டத்தில் ஆறு ஃபைட்டரை ஒரே குழுவாகக் கட்டினார். ஆளுக்கொரு பகடை, வேலை முடிந்தது. ஆனால் கப்பலை நீங்களே வடிவமைக்கலாம் என்று ஒரு வரத்தையும் கொடுத்துத் தொலைத்தார். பஸ்மாசுரன் பரம்பரை சும்மா இருக்குமா? கவசம் இல்லாத, பீரங்கி இல்லாத, உடம்பெல்லாம் ஃபைட்டர் கிடங்கான கப்பல்கள் கிளம்பின. ஊதினால் உடையும் என்பதால் அவற்றுக்குச் 'சோப்புக் குமிழி' என்று பட்டப்பெயர். கிட்டே வந்து ஊத விட்டால்தானே! இரண்டு குழு வந்தால் எதிராளியின் தற்காப்புத் துப்பாக்கிகள் தட்டிவிடும்; பத்துக் குழு வந்தால் அவன் கப்பலைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே நியாயமான ஓர் எண்ணிக்கையைத் தேடித் தேடி விதிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

1999இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் 'பேட்டில்ஃப்ளீட் காதிக்' மாப்பிள்ளையின் கொட்டத்தை அடக்கப் பார்த்தது. ஃபைட்டரும் குண்டுவீச்சு விமானமும் தொட்டால் இரண்டும் காலி, விசாரணை கிடையாது. திரும்ப விமானம் ஏற்ற வேண்டுமா, இரண்டு பகடை உருட்டு. கூட்டுத்தொகை தளபதியின் தலைமைத் தகுதி எண்ணுக்குள் விழ வேண்டும். இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் அதற்குமேல் சரக்கு இல்லை. கதைப்படி இன்றைக்கு 38,000 வருஷம் கழித்து நடக்கும் போர், கிலோமீட்டர் கணக்கில் நீளும் கப்பல். கிடங்கில் கையிருப்பு எவ்வளவு என்று எழுதி வைக்க மட்டும் ஓர் ஆள் கிடையாது. இரட்டை மூன்று விழும்போதுதான் அட்மிரலுக்கே தெரியும்.